முனைய நிரல்களில் தமிழ் விசை உள்ளீடு: அகல வரியுருவும் தமிழ் எழுத்தும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்துவழி முனையத்தில் இயங்கும் நிரல்கள் விசைப்பலகையிலிருந்து தமிழைப் பெறும்போது பைட்டு, அகல வரியுரு, எழுத்து என்னும் மூன்று அலகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. அகல வரியுருவை வாசிக்கும் செயற்கூறுகள் முதல் அலகிலிருந்து இரண்டாம் அலகுக்கு நிரலைக் கொண்டுசேர்க்கின்றன. தமிழ் இலக்கணம் எழுத்து எனக் கொள்ளும் மூன்றாம் அலகை நிரலே கட்டமைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான விதிகள் தமிழ் எழுத்திலக்கணத்தில் அமைந்துள்ளமையையும், அவற்றைப் புறக்கணித்தால் யாப்பாய்வு போன்ற பணிகளில் எண்ணிக்கை பிழைபடுவதையும் இக்கட்டுரை சென்னைத் தென்புறநகர் ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: முனையம், ஒருங்குறி, அகல வரியுரு, தமிழ்99, உயிர்மெய், ஒற்று, கட்டளைக் கலித்துறை

முன்னுரை

சென்னையின் தென்புறநகர்ப் பகுதி தமிழாய்வும் கணினியியலும் அருகருகே வளர்ந்த நிலப்பரப்பாகும். தாம்பரத்தில் 1937 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இயங்கிவருகிறது. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பெற்ற எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையம் தமிழ் மொழித் தொழில்நுட்ப ஆய்வில் ஈடுபட்டு வந்துள்ளது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையப் பணியிலும் அது பங்குகொண்டது. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் அமைந்துள்ளன. இத்தகைய நிறுவனங்களில் சொல்லடைவு தொகுத்தல், பாடவேறுபாடு ஒப்பிடல், யாப்பமைதி காணல் ஆகிய பணிகளுக்குக் கணினியை நாடும் ஆய்வாளர் பலர்.

இப்பணிகளுக்கு ஆய்வாளர் தாமே எழுதிக்கொள்ளும் சிறு நிரல்கள் பெரும்பாலும் முனையத்தில் இயங்குபவை. படவழி இடைமுகம் அமைப்பதற்கு வேண்டிய உழைப்பு அவற்றிற்கு வேண்டியதில்லை. பழைய கணினியிலும், தொலைவிலுள்ள வழங்கியிலும் அவை இயங்கும். ஆனால் ஆங்கிலத்திற்குச் செவ்வையாக இயங்கும் நிரல் தமிழை உள்ளிட்டவுடன் பிறழ்கிறது. பின்னழி விசையை ஒருமுறை அழுத்தினால் ஓர் எழுத்தின் பாதி மட்டும் நீங்குகிறது, எழுத்தெண்ணிக்கை மிகுகிறது, திரையில் சுட்டி இடம் மாறி நிற்கிறது. இப்பிறழ்வுகள் யாவும் அலகு மயக்கத்தால் விளைபவை.

1. விசையிலிருந்து பைட்டுக்கு

முனையம் என்பது தொடக்கத்தில் கணினியோடு கம்பியால் இணைக்கப்பட்ட தனிக் கருவியாக இருந்தது. இன்று அது திரையில் ஒரு சாளரமாகச் சுருங்கியிருப்பினும், நிரலுக்கும் அதற்கும் இடையே செல்வது இன்றும் பைட்டுகளின் வரிசையே. எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தி நேரடியாக நிரலை அடைவதில்லை. உள்ளீட்டு முறை விசையைத் தமிழ் வரியுருவாக மாற்றுகிறது; முனையச் சாளரம் அவ்வரியுருவை யூ.டி.எஃப்-8 குறிமுறையில் பைட்டுகளாக்கி அனுப்புகிறது.

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. இவ்விடத்தில் உள்ள ஒவ்வொரு வரியுருவும் யூ.டி.எஃப்-8இல் மூன்று பைட்டுகளாகும். ககரத்தின் குறியெண் 2965. அது 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளாகச் செல்லும். அம்புக்குறி விசைகளும் பைட்டு வரிசைகளாகவே செல்கின்றன. அவை 27 என்னும் விடுபடு குறியுடன் தொடங்கும். ஆகவே, மேல்நோக்கிய அம்பும் ககரமும் பைட்டு நிலையில் ஒரே வகையான செய்திகளே. அவற்றைப் பிரித்தறியும் பொறுப்பு வாசிக்கும் நிரலகத்தினுடையது.

எட்டுத்துகள் குறிமுறைகள் வழங்கிய காலத்தில் இச்சிக்கல் வேறு வடிவில் இருந்தது. 1991இன் இந்தியத் தர ஆவணமான இஸ்கி குறிமுறையில் ஒரு வரியுரு ஒரு பைட்டு. தஸ்கி குறிமுறையில் வடிவத்திற்கு ஒரு பைட்டு. ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்பட்டது. ஒருமுறை வாசித்தால் ஒரு பைட்டு கிடைக்கும் எளிய செயற்கூறே அன்று போதுமானதாயிருந்தது. ஒருங்குறிக்கு மாறியபின் அது போதாதாயிற்று.

2. பைட்டிலிருந்து அகல வரியுருவுக்கு

அகல வரியுரு என்பது ஒருங்குறியின் ஒரு குறியெண் முழுவதையும் கொள்ளத்தக்க எண்ணாகும். இங்கு ‘அகலம்’ நினைவகத்தில் அது கொள்ளும் இடத்தைக் குறிக்கிறதே அன்றித் திரையில் அதன் பரப்பைக் குறிப்பதன்று. முனையத் திரையை ஆளும் நிரலகங்களுள் பரவலாக வழங்கும் ‘என்கர்சஸ்’, அகல வரியுருக்களுக்கெனத் தனி வடிவம் ஒன்றைக் கொண்டுள்ளது. அதில் ‘கெட் டபிள்யூ-சி-எச்’ என்னும் செயற்கூறு மூன்று பைட்டுகளும் வந்துசேரும்வரை காத்திருந்து, அவற்றை ஒரே குறியெண்ணாக அளிக்கிறது. பைத்தான் மொழியிலும் 3.3ஆம் பதிப்பு முதல் இச்செயற்கூறு கிடைக்கிறது.

இதனைப் பயன்படுத்துவோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, வட்டார அமைப்பு. திரையைத் தொடங்குவதற்கு முன்னரே நிரல் தன் சூழலின் வட்டார அமைப்பை ஏற்றுக்கொள்ளுமாறு ஆணையிட வேண்டும், அவ்வமைப்பு யூ.டி.எஃப்-8 சார்ந்ததாக இருத்தல் வேண்டும். இவ்வாணை விடுபட்டால் நிரலகம் பைட்டுகளைச் சேர்க்காது. ககரம் 224, 174, 149 எனத் தனித்தனியே மூன்று முறை வந்துசேரும். அகல வரியுருச் செயற்கூற்றைப் பயன்படுத்தியும் தமிழ் சிதைந்து வருவதற்கு இவ்விடுபாடே பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது, விளைவின் வகை. பழைய செயற்கூறு வரியுருவையும் செயல்விசையையும் ஒரே எண்ணாக அளித்தது. 255க்கு மேற்பட்டது செயல்விசை எனக் கொள்ளப்பட்டது. கீழ்நோக்கிய அம்பின் எண் 258. ஒருங்குறியிலோ 258 என்பது பிறை மேலிட்ட ஓர் இலத்தீன் எழுத்தின் குறியெண். எனவே புதிய செயற்கூறு, வந்தது வரியுருவா செயல்விசையா என்பதனை ஒரு விளைமதிப்பாகவும், எண்ணை வேறோர் இடத்திலும் தருகிறது. செயல்விசை எண்கள் 511ஐத் தாண்டாமையால் தமிழ் வரியுருவோடு அவை மோதுவதில்லை. ஆயினும் எண்ணைமட்டும் நோக்கி வகையை நோக்காத நிரல், 255க்கு மேற்பட்டவை எல்லாம் செயல்விசை என்னும் பழைய விதியால் தமிழ் முழுவதையும் புறந்தள்ளிவிடும்.

3. தமிழ்99 விசைப்பலகையின் இயல்பு

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மெய்யின் விசையை அழுத்தினால் அகரமேறிய வடிவம் தோன்றும். அடுத்து உயிரின் விசையை அழுத்தினால் அவ்வுயிரின் குறி சேரும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினாலும், ‘ம’வை அடுத்துப் ‘ப’ வருவதுபோல மெல்லினத்தை அடுத்து அதன் இனவல்லினம் வந்தாலும் முதல் மெய்க்குப் புள்ளி தானே இடப்படும்.

இவ்வமைப்பின் ஒரு பண்பு முனைய நிரல்களுக்குப் பெரிதும் பயன்படுகிறது. தமிழ்99இன் அடிப்படை விதிகள் யாவும் முன்னர் வந்த வரியுருவுக்குப் பின்னே புதியதைச் சேர்ப்பவை. முன்னர் வந்ததைத் திரும்பப் பெறுபவை அல்ல. ‘ம’ வந்தபின் ‘ப’ அழுத்தப்பட்டால் புள்ளியும் ‘ப’வும் பின்னே சேர்கின்றன, ‘ம’ அவ்வாறே நிற்கிறது. உரோமன் எழுத்துவழி ஒலிபெயர்ப்பு முறையில் நிலை வேறு. அங்கு மெய் முதலில் புள்ளியுடன் தோன்றி, அகரம் அழுத்தப்பட்டதும் புள்ளியை இழக்கிறது. முனையத்திற்கு ஒருமுறை அனுப்பிய பைட்டைத் திரும்பப் பெற இயலாது. ஆதலின் அம்முறை எழுத்து முடிவுறும்வரை அதனைத் தன்னிடமே நிறுத்திவைக்க வேண்டும். தமிழ்99 தமிழ்ச் சொல்லமைதியை ஒட்டி வகுக்கப்பட்டது; அதுவே முனையத்தின் ஒருவழி ஓட்டத்திற்கும் இயைந்ததாக அமைந்துள்ளது.

4. ஒரு சொல், பல எண்ணிக்கை

‘தாம்பரம்’ என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோமாயின் அலகுகளின் வேறுபாடு புலப்படும். தமிழ்99இல் இதற்கு அழுத்த வேண்டிய விசைகள் 7: த, ஆ, ம, ப, ர, ம, புள்ளி. நிரலை அடையும் பைட்டுகள் 24. அகல வரியுருக்கள் 8: தகரம், கால், மகரம், புள்ளி, பகரம், ரகரம், மகரம், புள்ளி. இலக்கணப்படி எழுத்துகள் 5: தா, ம், ப, ர, ம். ஒற்று நீக்கி எண்ணினால் 3.

‘குரோம்பேட்டை’ இன்னொரு சிக்கலை வெளிப்படுத்துகிறது. இதில் எழுத்துகள் 6. அகல வரியுருக்கள் 12 அல்லது 13. ‘ரோ’ என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரானவையாகக் கொள்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இயல்பாக்கம் செய்யப்படாத நிரல் இவற்றை வேறு சொற்களாகக் கொண்டு சொல்லடைவில் இரு பதிவுகளாக இடும். ஔகாரக் குறியின் வலப்பகுதிக்கு மாற்றாக ளகரத்தைத் தட்டச்சிடும் வழக்கம் இதனினும் கொடியது. அங்கு வடிவம் ஒத்திருப்பினும் குறிமுறையில் நிகர்மை இல்லை. ஆகவே இயல்பாக்கமும் அதனைத் திருத்தாது.

5. எழுத்தைக் கட்டமைக்கும் விதிகள்

அகல வரியுருவை எழுத்தாக்கும் விதிகளைப் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கொள்ளும் மரபே விதிகளையும் தருகிறது. ஒருங்குறியில் உயிரும் ஆய்தமும் அகரமேறிய மெய்யும் எழுத்தைத் தொடங்கும் வரியுருக்கள்; உயிர்க்குறிகளும் புள்ளியும் சார்ந்து வருபவை. எனவே நிரல் பின்வருமாறு இயங்கலாம்.

தொடங்கும் வரியுரு வந்தால் எழுத்துப் பட்டியலில் புதிய இடம் திறக்கப்பட வேண்டும். சார்வரியுரு வந்தால், பட்டியலின் இறுதி எழுத்து குறியேதும் பெறாத மெய்யாக இருப்பின் அதனோடு சேர்க்கப்பட வேண்டும். இறுதி எழுத்து ஏற்கெனவே ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ பெற்றிருந்து கால் வந்தால், இரண்டும் முறையே ஒகர, ஓகாரக் குறியாக இணைக்கப்பட வேண்டும். ஔகாரத்தின் வலக்குறிக்கும் இவ்வாறே. இவற்றுள் எதற்கும் பொருந்தாத சார்வரியுரு, காட்டாக உயிருக்குப் பின் வரும் கால், தட்டச்சுப் பிழையாகக் கொள்ளப்பட்டுப் பயனருக்கு உணர்த்தப்பட வேண்டும்.

எல்லா மொழிகளுக்குமான ஒருங்குறியின் பொது எழுத்துக்கொத்து விதிகளும் பெரும்பாலும் இதே விளைவைத் தருகின்றன. தேவநாகரி போன்றவற்றில் கூட்டெழுத்தை ஒரே கொத்தாகக் கொள்ளும் புதிய விதி தமிழுக்குப் பொருந்துமாறு வகுக்கப்படவில்லை. ‘ம்ம’ என்பது ‘ம்’, ‘ம’ என இரண்டாகவே பிரியும். இது தமிழ் இலக்கணத்தோடு ஒத்த முடிவாகும். ஆனால் உயிருக்குப் பின் கால் வந்தாலும் பொதுவிதி அதனைத் தடையின்றி ஒட்டிவிடும். இலக்கணவிதியே பிழையைச் சுட்டும். ‘க்ஷ’ பொதுவிதியில் இரண்டாகப் பிரிகிறது. கிரந்த எழுத்துகளை எவ்வாறு எண்ணுவது என்பதை ஆய்வாளர் தம் ஆய்வு நோக்கிற்கேற்ப முன்னரே வரையறுத்துக்கொள்ளுதல் நன்று.

இவ்விதிகளிலிருந்து விளையும் ஒரு நிலை கருதத்தக்கது. ககரம் வந்துசேர்ந்த கணத்தில் அது ‘க’ என முடிந்ததா, ‘கா’ அல்லது ‘க்’ ஆகப்போகிறதா என்பது நிரலுக்குத் தெரியாது. அடுத்த வரியுரு வந்த பின்னரே தெரியும். ஆதலின் நிரல் காத்திருக்கவும் கூடாது. முடிந்ததாகத் துணியவும் கூடாது. இறுதி எழுத்தைத் திரையில் காட்டிவிட்டு, திருத்தத்தக்கதாக வைத்திருத்தலே முறை. ஓடும் எண்ணிக்கையும் அவ்வாறே திருத்தத்தக்கதாக இருத்தல் வேண்டும். புள்ளி வந்தவுடன் உயிர்மெய் ஒன்று குறைந்து ஒற்று ஒன்று கூடுகிறது.

தமிழக அரசு 2010இல் ஏற்ற டேஸ்-16 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே குறியெண் உண்டு. அதில் ஒருமுறை வாசித்தால் ஓர் எழுத்து கிடைத்துவிடும். எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. இணையத்திலும் மின்னூலகங்களிலும் கிடைக்கும் பனுவல்கள் பொது ஒருங்குறியிலேயே உள்ளன. எனவே எழுத்தைக் கட்டமைக்கும் பணியிலிருந்து நிரல் முற்றிலும் விடுபட இயலாது.

6. பின்னழி விசையும் திரை அகலமும்

நிரல் தானே விசைகளை வாசிக்காமல் இயங்குதளத்தின் வரியுள்ளீட்டை நம்பியிருக்கும்போது, பின்னழி விசையை லினக்சின் கருவகமே கையாளுகிறது. யூ.டி.எஃப்-8 குறிப்பு அமைக்கப்பட்டிருந்தால் அது ஒரு வரியுருவை முழுமையாக நீக்கும். இல்லையெனில் ஒரு பைட்டைமட்டும் நீக்கி, எஞ்சிய இரண்டைப் பொருளற்ற எச்சமாக விட்டுவிடும். குறிப்பு அமைந்திருந்தாலும் இடர் தீர்வதில்லை. ‘தாம்பரம்’ எனத் தட்டச்சிட்டுப் பின்னழி விசையை ஒருமுறை அழுத்தினால் இடையகத்திலிருந்து இறுதிப் புள்ளி நீங்குகிறது. கருவகமோ திரையில் ஒரு கட்டத்தை அழிக்கிறது. புள்ளிக்குத் தனிக் கட்டம் இன்மையால் ‘ம்’ முழுவதும் மறைகிறது. பயனர் காண்பது ‘தாம்பர’. நிரல் பெறுவது ‘தாம்பரம’. சொல்லடைவில் இனம் தெரியாது புகும் பிழைகளுக்கு இதுவும் ஒரு வாயில்.

எனவே தமிழுக்கான நிரல் விசைகளைத் தானே வாசித்து, அழித்தலையும் தானே வரையறுத்தல் வேண்டும். எழுத்தைச் சார்ந்து வந்த குறியை மட்டும் நீக்கி மெய்யை அகரமேறிய வடிவில் விடுதல் ஒரு முறை. ‘கொ’வைக் ‘கோ’வாக்க விரும்புவோர்க்கு அது உதவும். எழுத்து முழுவதையும் நீக்குதல் மற்றொரு முறை. எதனைத் தேர்ந்தாலும் திரையும் இடையகமும் ஒன்றுபட்டிருத்தல் இன்றியமையாதது.

திரை அகலத்திலும் இத்தகைய முரண் உண்டு. ஒருங்குறியின் வகைப்பாட்டில் ஈகாரக் குறியும் புள்ளியும் இடங்கொள்ளாக் குறிகள். இகரக் குறி, கால், கொம்பு முதலியன இடங்கொள்ளும் குறிகள். இதனை ஒட்டி அகலத்தைக் கணக்கிடும் வழக்கமான செயற்கூறு, ‘கிண்டி’யின் ‘கி’க்கு இரண்டு கட்டங்களும் ‘கீழ்க்கட்டளை’யின் ‘கீ’க்கு ஒரு கட்டமும் தருகிறது. குறில் இரண்டு கட்டம் பெற, நெடில் ஒரு கட்டம் பெறும் இந்நிலைக்கு இலக்கணத்திலோ எழுத்து வடிவிலோ அடிப்படை இல்லை. நிரலும் முனையமும் வேறு வேறு அகலத்தைக் கொண்டால் சுட்டி இடம்பெயரும். ஒவ்வோர் எழுத்து மாற்றத்திற்குப் பின்னும் வரி முழுவதையும் மீள எழுதுதலும், அட்டவணைகளில் தமிழ்ப் பத்தியை இறுதியில் அமைத்தலும் நடைமுறைக்கேற்ற தீர்வுகளாகும்.

7. யாப்பாய்வில் விளைவு

அலகு மயக்கம் ஆய்வு முடிவையே மாற்றக்கூடிய இடம் யாப்பு. கட்டளைக் கலித்துறையின் ஓரடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்துகளும், நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்துகளும் பெற வேண்டும். ஓரெழுத்து வேறுபாடே பாடத்தேர்வை உறுதிசெய்யவோ ஐயத்திற்குரியதாக்கவோ வல்லது. அகல வரியுருக்களை எண்ணும் நிரல் இங்குச் சற்றும் பயன்படாது. ‘தாம்பரம்’ போன்ற மூன்றெழுத்துச் சீரை அது எட்டாக எண்ணும்.

முன்னர்க் கூறிய விதிகளின்படி இக்கணக்கு எளிதாகிறது. தொடங்கும் வரியுருக்களின் தொகையிலிருந்து புள்ளிகளின் தொகையையும், ஒற்றாகக் கொள்ளப்படும் ஆய்தங்களின் தொகையையும் கழித்தால் ஒற்று நீங்கிய எழுத்தெண்ணிக்கை கிடைக்கும். ‘தாம்பரம்’ 5இல் 2 நீங்க 3. ‘குரோம்பேட்டை’ 6இல் 2 நீங்க 4. ஓகாரக் குறி ஒன்றாக வந்தாலும் இரண்டாக வந்தாலும் இவ்விடை மாறுவதில்லை. ஏனெனில் சார்ந்து வரும் உயிர்க்குறிகள் இக்கணக்கில் இடம்பெறுவதே இல்லை.

முடிவுரை

விசைப்பலகையிலிருந்து தமிழை வாசிக்கும் முனைய நிரலுக்கு அகல வரியுருச் செயற்கூறு இன்றியமையாதது. ஆனால் அதுவே முடிவன்று. வட்டார அமைப்பை முதலில் ஏற்றல், விளைவின் வகையை நோக்கல், நிகர்க்குறிகளை இயல்பாக்கல், வரியுருக்களை எழுத்தாக்கல், இறுதி எழுத்தைத் திருத்தத்தக்கதாக வைத்தல், அழித்தலைத் தானே வரையறுத்தல் ஆகிய ஆறு படிகளும் அமைந்த நிரலே தமிழாய்வுக்கு உரியதாகும். இவற்றுள் முதலிரண்டும் எல்லா மொழிகளுக்கும் பொதுவானவை. எஞ்சியவற்றைத் தமிழறிந்தோரே வகுத்துத் தர இயலும். மெய்யையும் உயிரையும் அவற்றின் புணர்ச்சியையும் நுணுகி வகுத்த இலக்கண மரபைக் கற்றவர், நிரலாளர் எழுதித் தருவதைப் பெறுபவராக மட்டும் நில்லாமல் அவருக்கு விதி வகுத்துத் தருபவராகவும் அமைதல் இத்துறையின் இன்றைய தேவையாகும்.